ஹீட் ஆகுற பழைய வண்டி: ரேடியேட்டருக்கு பில் கட்டறதுக்கு முன்னாடி ஃபேன் கிளட்ச்சைப் பாருங்க

செகண்ட் ஹேண்ட் கார் வீடியோவுல லோன், இன்ஷூரன்ஸ் கணக்கு மட்டும்தான் பேசினோம். வாங்கினதுக்கு அப்புறம் வர்ற செலவைப் பத்தி பேச நேரம் இல்ல. அதுல ஒரே ஒரு செலவை மட்டும் இங்க எடுத்துக்கறேன்.

பழைய இன்னோவா, குவாலிஸ், டவேரா, ஸ்கார்பியோன்னு 7 சீட்டர் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதை வரும்: "வண்டி ஹீட் ஆச்சு, ரேடியேட்டர் மாத்தினேன். அப்புறமும் ஹீட் ஆச்சு." இதுல ரெண்டாவது பாதிதான் எனக்கு உறுத்துது. காசு போயிடுச்சு, பிரச்சினை போகலைன்னா அதை ரிப்பேர் செலவுன்னு எழுத முடியாது. ஊகத்துக்குக் கட்டின ஃபீஸ்னு எழுதலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஹீட் ஆகுற பழைய வண்டிக்கு ஒரு பார்ட்ஸ் கூட வாங்காதீங்க, "எப்போ ஹீட் ஆகுது?"ங்கற கேள்விக்கு பதில் தெரியற வரைக்கும். டிராஃபிக்ல நிக்கும்போதா, ஹைவேல போகும்போதா? இந்த ஒரு பதில் பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பண்ணும். டிராஃபிக்ல மட்டும் ஏறி, ஓட ஆரம்பிச்சா இறங்குதுன்னா, முதல் சந்தேகம் ஃபேன் கிளட்ச் மேல வரணும். ஆனா பெரும்பாலான இடத்துல அதுதான் கடைசியா ஞாபகம் வருது.

ஸ்விஃப்ட், ஐ10, ஆல்டோ வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வண்டில ரேடியேட்டர் ஃபேன் கரண்ட்ல ஓடுது. இந்த கிளட்ச்சே அதுல கிடையாது. உங்களுக்கு மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார்னு சந்தேகப் பட்டியல் வேற. ஆனா எப்போ ஹீட் ஆகுதுங்கற கேள்வி உங்களுக்கும் அப்படியே பொருந்தும், அதனால படிச்சு வைக்கறதுல தப்பில்ல. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து, பின் சக்கரத்துக்கு பவர் போற பழைய டீசல் வண்டிகள்லதான் பெரும்பாலும் இந்த அமைப்பு. அதுல ஃபேன் இன்ஜின் பெல்ட்டோட சக்தியிலயே சுத்தும்.

அம்பாசிடர் காலத்து வண்டிகள்ல ஃபேனை நேரடியா புல்லியில போல்ட் போட்டு முடுக்கிடுவாங்க. இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துதோ அவ்வளவு வேகமா ஃபேனும் சுத்தும். இதுல ஒரு வீண் செலவு ஒளிஞ்சிருக்கு. ஒரு ஃபேனோட வேகத்தை இரட்டிப்பாக்கணும்னா சக்தி இரட்டிப்பு போதாது, 8 மடங்கு வேணும். ஹைவேல 80 கிலோமீட்டர்ல போகும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரைக் குளிர வச்சிடும். அப்போ ஃபேனை முழு வேகத்துல சுத்த வைக்கறது டீசலைக் கீழ ஊத்தற மாதிரி.

அதுக்குத்தான் நடுவுல கிளட்ச். உள்ளங்கை அளவுக்குக் கொஞ்சம் பெரிய அலுமினிய டப்பா, உள்ள கெட்டியான சிலிக்கான் ஆயில். முன்பக்கம் ஒரு சின்ன ஸ்பிரிங் சுருள் இருக்கும், ரெண்டு உலோகம் ஒட்டினது. ரேடியேட்டர் வழியா வர்ற காத்து சூடானா அந்தச் சுருள் திருகி உள்ள ஒரு வால்வைத் திறக்கும். ஆயில் உள்ளறைக்கு வரும், பிடிமானம் கிடைக்கும், ஃபேன் வேகம் எடுக்கும். காத்து ஆறினா வால்வு மூடும், ஆயில் விலகும், ஃபேன் வழுக்கிக்கிட்டு மெதுவா சுத்தும். வயர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. அதனாலயே இது போனா டேஷ்போர்டுல எந்த லைட்டும் எரியாது, ஸ்கேனர் போட்டாலும் எந்தக் கோடும் வராது. 12, 15 வருஷ வண்டியில அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சோ, பேரிங் தேய்ஞ்சோ போறது ரொம்ப சகஜம்.

இது கெட்டுப்போறது ரெண்டு விதம். முதல் விதம், பிடிக்காம வழுக்கறது. ஆபத்தானது இதுதான். மே மாசம், ஓஎம்ஆர் சிக்னல், ஏசி ஓடுது, முள்ளு மெதுவா ஏறுது. வண்டி நகர்ந்து 50, 60 தொட்டதும் பழைய இடத்துக்கு வந்துடுது. கூடவே இன்னொரு தடயம் பாருங்க. நிக்கும்போது ஏசி குளிர்ச்சி குறையும், ஓட ஆரம்பிச்சா நல்லாயிடும். ஏசி கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கு, ரெண்டுக்கும் காத்து இழுக்கறது அதே ஃபேன்தான். இந்த நிலைமையில ஏசி கேஸ் ஃபில் பண்ணி காசு விட்டவங்க நிறைய பேர். கண்டன்சருக்குன்னு தனியா எலக்ட்ரிக் ஃபேன் இருக்கிற மாடல்கள்ல இந்த ஏசி தடயம் அவ்வளவா தெரியாதுங்கறதையும் சொல்லிடணும்.

ரெண்டாவது விதம், எப்பவும் பிடிச்சுக்கிட்டே இருக்கறது. ஹீட் ஆகாது. ஆனா ஆக்ஸிலேட்டர் மிதிச்சா லாரி மாதிரி ஒரு "ஹூ"ன்னு இரைச்சல், இன்ஜின் குளிர்ந்திருந்தாலும் ஆறியிருந்தாலும் அதே சத்தம். பிக்கப் கொஞ்சம் மந்தம், மைலேஜ் அடி, வாட்டர் பம்ப் பேரிங்குக்கும் வீண் சுமை. உடனே பயப்பட வேண்டியதில்ல, ஆனா மாசாமாசம் டீசல்ல சந்தா கட்டிக்கிட்டு இருக்கீங்க. ஒரு குழப்பம் வேண்டாம்: ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலைல ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் வந்து அடங்கறது நார்மல். நின்ன நேரத்துல ஆயில் உள்ளறைக்கு இறங்கியிருக்கும், சுத்த ஆரம்பிச்சதும் விலகிடும்.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். நிக்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினா காத்துப் பிரச்சினை: ஃபேன், கிளட்ச், தளர்ந்த பெல்ட், ஃபேனைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் கூடு. அந்தக் கூடு உடைஞ்சு கழட்டிப் போட்ட வண்டிகள் நிறைய ஓடுது. அது இல்லேன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா இழுக்காம பக்கத்துல இருக்கிற காத்தையே கலக்கிக்கிட்டு இருக்கும், நல்ல கிளட்ச் போட்டும் பிரயோஜனம் பாதிதான். ஹைவேல 90ல சீரா போகும்போது ஏறினா தண்ணிப் பிரச்சினை: அடைச்ச ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கூலன்ட் குறைவு. எங்க போனாலும் சீக்கிரமே ஏறுது, கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே போகுது, ரிசர்வாயர்ல குமிழி வருது, சைலன்சர்ல வெள்ளைப் புகைன்னா ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்கணும். அந்த நிலைமையில வண்டியை ஓட்டிப் பார்த்து டெஸ்ட் பண்ண வேண்டாம், டோ பண்ணிக் கொண்டு போங்க.

மலைப்பாதை மட்டும் கொஞ்சம் ஏமாத்தும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஃபுல் லோடு, ரெண்டாவது கியர், வேகம் 20, 25. இன்ஜின் முழு மூச்சா உழைக்குது, எதிர்க்காத்து கிட்டத்தட்ட இல்ல. கிளட்ச் போனாலும் இங்க ஏறும், ரேடியேட்டர் பாதி அடைச்சிருந்தாலும் இங்க ஏறும். அதனால "மலைல ஹீட் ஆச்சு"ங்கற ஒரு தகவலை வச்சு மட்டும் எதையும் மாத்தாதீங்க. சிக்னல்லயும் ஹைவேலயும் என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கையால பார்க்கற சோதனைகள் சிலது இருக்கு. முதல் விதி: இன்ஜின் ஆஃப், சாவி உங்க பாக்கெட்ல. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீங்க. நல்ல சட்டையும் காலேஜ் ஐடி மாதிரி தொங்கற ஆபீஸ் டேகும் போட்டுக்கிட்டு ஓடற ஃபேன் பக்கத்துல குனியற ஆட்களை நானே பார்த்திருக்கேன். அது வேண்டாம்.

வண்டி ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்க, அது குறைஞ்சிருந்தா மத்த சோதனைக்கே அர்த்தம் இல்ல. அப்புறம் கிளட்ச் முகத்தைப் பாருங்க. நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஆயில் சிதறின மாதிரி கறுப்புப் பிசுக்கு இருந்தா ஆயில் வெளிய வந்திருக்குன்னு அர்த்தம். ஃபேன் பிளேடு நுனியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. தெளிவா ஆட்டம் இருந்தா பேரிங் தேய்ஞ்சிருக்கு. ஆனா ஆடறது கிளட்ச் பேரிங்கா, அதைத் தாங்கற வாட்டர் பம்ப் பேரிங்கான்னு மெக்கானிக் பார்த்துத்தான் சொல்லணும். ரெண்டுக்கும் விலை வேற, குழப்பிடாதீங்க. பிளேடுல விரிசல் இருக்கான்னும் பாருங்க.

அடுத்தது சூட்டுல. ஏசி போட்டு வண்டியை ஐடில்ல விட்டு, நல்லா சூடானதும் ஆஃப் பண்ணி, ஃபேனைக் கையால ஒரு சுண்டு சுண்டுங்க. கெட்டியான தேனுக்குள்ள சுத்தற மாதிரி கொஞ்சம் நகர்ந்து நிக்கணும். மூணு, நாலு சுத்து ஜாலியா சுத்தினா கிளட்ச் போயிடுச்சுன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணலாம். ஆனா பிடிமானம் இருந்தா "நல்லா இருக்கு"ன்னு சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது. அரைகுறையா பிடிக்கற கிளட்ச்சும் கைக்கு டைட்டா தெரியும்.

அந்த சந்தேகத்தைத் தீர்க்க நல்ல ஒர்க்‌ஷாப்ல ஒரு வழி இருக்கு. ரேடியேட்டருக்கு முன்னாடி ஒரு அட்டையை வச்சு காத்தைப் பாதி மறைச்சு, இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ்ல வைப்பாங்க. முள்ளு லேசா ஏற ஆரம்பிக்கும்போது ஃபேன் சத்தம் திடீர்னு மாறி இரையணும், அட்டையை எடுத்ததும் முள்ளு இறங்கணும். சத்தம் மாறாம முள்ளு மட்டும் ஏறிக்கிட்டே போனா உடனே ஆஃப் பண்ணிடுவாங்க, பதில் கிடைச்சாச்சு. இதை வீட்டு வாசல்ல தனியா முயற்சி பண்ணாதீங்க. ஒருத்தர் மீட்டர்ல கண் வச்சிருக்கணும்.

எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சிட்டு வேலைக்கு சேர்ந்த ஒரு தம்பி, அப்பா கொடுத்த பழைய இன்னோவா வச்சிருக்கார். ஒரு நாள் மத்தியானம் மூணு பில்லை என் டேபிள்ல வச்சார். ரேடியேட்டர் ஃப்ளஷ், கூலன்ட் 1,800. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் கேப் 2,600. ரேடியேட்டர் மாத்தினது 11,500. மொத்தம் 15,900. அடுத்து வாட்டர் பம்ப் மாத்தணும்னு சொல்லியிருக்காங்களாம், பண்ணலாமா அண்ணேன்னு கேட்டார்.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனா பில் படிக்கத் தெரியும். மூணு பில்லுலயும் கம்ப்ளெய்ன்ட்னு போட்டிருக்கிற இடத்துல ஒரே வார்த்தை: "ஹீட்டிங்". எப்போ, எந்த வேகத்துல, ஏசியோடயா இல்லாமலயா, ஒண்ணும் இல்ல. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா நாம கண்ணுல பட்ட லெட்ஜரையெல்லாம் மாத்தி எழுத மாட்டோம். வித்தியாசம் எவ்வளவு, எந்த மாசத்துல இருந்துன்னு முதல்ல கேப்போம். அதே கேள்வியைத்தான் கேட்டேன். "திருச்சிக்குப் போயிட்டு வந்தேன் அண்ணே, ஒண்ணும் ஆகல. பெருங்குடி சிக்னல்லதான் ஏறுது"ன்னார். ரெண்டு நாள் கழிச்சு வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபேனைச் சுண்டிப் பார்த்தப்போ அது பம்பரம் மாதிரி சுத்தியிருக்கு. கிளட்ச், கூலியோட 7,400. வாட்டர் பம்ப் மாத்தலை, அதுல ஆட்டம் எதுவும் இல்ல.

அந்த 15,900 முழுக்க வீண்னு சொல்ல மாட்டேன். பழைய வண்டிக்கு கூலன்ட் மாத்தினது நல்லதுதான். ஆனா 11,500 ரேடியேட்டர் அவசியமே இல்லாத செலவு. இதுல சம்பளக்காரங்க மறந்துடற ஒரு கணக்கு இருக்கு. பிசினஸ் பண்றவங்க வண்டி ரிப்பேரைச் செலவா காட்டலாம். உங்க சொந்த வண்டி ரிப்பேருக்கு சம்பளத்துல ஒரு ரூபாய் கழிக்க முடியாது. வரி கட்டின பிறகு மிஞ்சின பணத்துலதான் கொடுக்கறீங்க. 20% ஸ்லாப்ல, செஸ்ஸோட சேர்த்து 20.8%ன்னா, 15,900 செலவு பண்ண நீங்க சம்பாதிக்க வேண்டியது கிட்டத்தட்ட 20,000.

சரி, கண்டுபிடிச்சும் "போனஸ் வரட்டும், அதுவரைக்கும் முள்ளைப் பார்த்துக்கிட்டே ஓட்டிக்கலாம்"னு தள்ளிப் போடலாமா? இதுலயும் கணக்குப் போடுவோம். கிளட்ச் 8,000, ஹெட் கேஸ்கெட் போய் ஹெட்டைக் கழட்டி லேத்துல ஃபேஸிங் பண்ணி மாட்ட 45,000ன்னு வச்சுக்குவோம். இது உதாரணத் தொகைதான், உங்க ஊர் கொட்டேஷனைப் போட்டுக்கோங்க. 8,000ஐ 45,000ஆல வகுத்தா சுமார் 18%. அதாவது தள்ளிப் போடறதால இன்ஜின் வேலை வர்றதுக்கு அஞ்சுல ஒரு வாய்ப்பு இருந்தாலே, இப்பவே மாத்தறதுதான் லாபம். வழுக்கற கிளட்ச்சோட ஒரு சென்னை கோடைக்கு அந்த வாய்ப்பு அதைவிட அதிகம்ங்கறது என் கணிப்பு. டீசல் இன்ஜின்ல ஒரு தடவை முள்ளு சிவப்புக்குப் போனாலே ஹெட் வளைய வாய்ப்பு இருக்கு.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. சாதாரண மோட்டார் பாலிசில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் வெளியதான். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் முக்கியமா இன்ஜினுக்குள்ள மழைத்தண்ணி புகுந்தா, ஆயில் கசிஞ்சு சேதமானா உதவறதுக்குன்னு வந்தது. 10 வருஷம் தாண்டின வண்டிக்கு அது கிடைக்கறதே கஷ்டம். டோ பண்ற ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருந்தா அது மட்டும் உபயோகப்படும்.

இன்னொரு விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா இருக்கேன். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டேன் சார், இனி ஹீட்டே ஆகாது"ங்கற வைத்தியம். நம்ம ஊர்ல சர்வ சாதாரணமா பண்றாங்க. காத்து வரலைங்கற பிரச்சினைக்கு, தண்ணியோட கதவைக் கழட்டி வச்சிருக்காங்க. டிராஃபிக்ல ஹீட் ஆகறது அப்படியே இருக்கும், ஹைவேல மட்டும் இன்ஜின் தேவைக்கு மேல குளிர்ந்து ஓடும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். அதே மாதிரிதான் கிளட்ச்சை வெல்டு பண்ணி நேரடியா சுத்த விடறது. நடுவழியில மாட்டிக்கிட்டா ஊர் வந்து சேர ஒரு வழி, அவ்வளவுதான். அதையே நிரந்தரமா வச்சுக்கிட்டா முன்னாடி சொன்ன 8 மடங்கு கணக்குல டீசல் காசு கட்டுவீங்க. கிளட்ச்சுல சிலிக்கான் ஆயில் மட்டும் நிரப்பித் தர்றவங்களும் இருக்காங்க. ஆயில் குறைவுதான் காரணம், பேரிங் நல்லா இருக்குன்னா அது நியாயமான சிக்கனம். கசிஞ்ச இடம் அப்படியே இருந்தா அடுத்த கோடைக்கு மறுபடி வருவீங்க.

இதுக்கெல்லாம் மெக்கானிக் ஏமாத்தறார்னு அர்த்தம் இல்ல. பார்ட்ஸ் மாத்தினாதான் நாம காசு கொடுக்கறோம். அரை மணி நேரம் நின்னு பார்த்து "இது நல்லா இருக்கு, மாத்த வேண்டாம்"னு சொல்றவருக்கு நாம டீக்காசு கூட கொடுக்கறதில்ல. அப்புறம் அவர் ஏன் நின்னு பார்க்கணும்? நானே ஒரு கன்சல்டேஷனுக்கு ஃபீஸ் வாங்கறேன், ரிட்டர்ன் ஃபைல் பண்ணாட்டியும். அதே மாதிரி, "அண்ணே, கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு 500, 1,000 தனியா தர்றேன். மாத்தறதா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம்"னு முதல்லயே சொல்லிடுங்க. ஜாப் கார்டுல "ஹீட்டிங்"னு மட்டும் எழுத விடாதீங்க. "நிக்கும்போது ஏசியோட ஏறுது, 60ல இறங்குது"ன்னு முழுசா எழுதச் சொல்லுங்க. மாத்தின பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்க, ஜிஎஸ்டி பில்லும் வாங்குங்க. வாரண்டி கேக்கப் போகும்போது அந்த பில்தான் பேசும்.

வழியில ஏறிடுச்சுன்னா ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டரை ஃபுல் சூட்டுல, பிளோயரை ஃபுல்லா வைங்க. உள்ள வெந்துடும், பரவாயில்ல, அந்த சூடு இன்ஜின்ல இருந்துதான் வெளிய வருது. அப்படியும் இறங்கலைன்னா ஓரம் கட்டி ஆஃப் பண்ணிடுங்க. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் வீடுன்னு ஓட்டினவங்கதான் ஹெட் வேலைக்கு வர்றாங்க.

இன்னும் வாங்காம, வாங்கற யோசனையில இருக்கிறவங்களுக்கு இது பேரம் பேசற ஆயுதம். டெஸ்ட் டிரைவ்னா எல்லாரும் ரோட்டுல ஓட்டித்தான் பார்க்கறாங்க. ஓடும்போது வழுக்கற கிளட்ச் தெரியவே தெரியாது. ஓட்டிட்டு வந்ததும் ஏசி ஃபுல்லா போட்டு 20 நிமிஷம் நிறுத்தி வச்சுப் பாருங்க, முள்ளு எங்க நிக்குது, ஏசி காத்து எப்படி வருதுன்னு. ஏறினா ஒரு ஒர்க்‌ஷாப் கொட்டேஷன் வாங்கி, அந்தத் தொகையை விலையில குறைக்கச் சொல்லுங்க. காலைல முதல் ஸ்டார்ட்டையும் நீங்க இருக்கும்போதுதான் பண்ணணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. போய்ச் சேரும்போது பானெட் ஏற்கனவே சூடா இருந்தா, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க.